நாற்பத்தாறு அம்மாக்கள்

லாலாகுடா, செகந்திராபாத்
23 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜலஜா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். கல்பகம் அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. நான் பேசுவதெல்லாம் சாரு காதில் விழும். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் எடுத்துப் பார்க்கிறாள். தமிழ் பேசினால் புரிகிறதே தவிர, எழுத்து அவளுக்குத் தெரியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மே மாதம் குடியாத்தத்தில் சாருவுக்கு நீ செய்த மஞ்சள் நீராட்டை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். இருபத்தோரு தட்டு. பட்டுப்பாவாடைத் தட்டின்மேல் புதுப் போன். பன்னிரண்டு வயசுக்கு இது எதற்கு அண்ணா என்று கேட்டதற்கு, "செல்போன் கடைக்காரன் மருமக கையில போன் இல்லன்னா எனக்குத்தான் கேவலம்" என்றாய். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகிறது. வியாழக்கிழமையிலிருந்து சாரு போக மாட்டேன் என்கிறாள். உன் கடையின் இன்ஸ்டா பக்கத்தில் நீ போட்ட விழா வீடியோவை வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். அது எப்படி அவர்கள் கைக்குப் போனதோ, எனக்குத் தெரியவில்லை. இங்கே நம்மைப் போல மண்டபம் பிடித்துச் செய்கிறவர்கள் அந்த வகுப்பில் யாரும் இல்லை. பையன்கள் வேறு இருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு அதை எடுத்துவிட முடியுமா?

அவள் போனில் தானாகவே கணக்கு ஒன்று திறந்து வைத்திருக்கிறாள். பிறந்த வருஷம் 2004 என்று போட்டிருக்கிறாள். கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்கிறாள்.

பதில் எழுது. அண்ணிக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
ஜலஜா


குடியாத்தம்
1 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கடைக்குள் வந்து நீட்டியதும் ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். நானும் அண்ணியும் நலம். மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் எப்படி? ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் மாறிவிட்டதா?

சாரு விஷயத்தை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பிள்ளைகள் கிண்டல் இரண்டு நாள். மூன்றாம் நாள் வேறு ஆள் கிடைத்துவிடுவான். அந்த வீடியோவை எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆம்பூரிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்து, "அந்தப் பூஜடை போட்ட பொண்ணு உங்க மருமகளா?" என்று கேட்டுவிட்டுப் போனது. எனக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை என்று இருபது வருஷம் பேசின ஊர் இது. அன்றைக்கு நான் எப்படி நின்றேன் தெரியுமா?

போனைப் பிடுங்காதே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்று ஒளித்து வைத்தால் நாளை அடுத்த வீட்டில் வாங்கிப் பார்க்கும். நம் கண்ணெதிரே பார்க்கட்டும்.

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஜகதீசன்


லாலாகுடா
9 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

நலம்தான். நான் கேட்ட ஒன்றே ஒன்றுக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை.

திங்கட்கிழமை கட்டாயப்படுத்தி அனுப்பினேன். அவள் உட்காரும் பெஞ்சு முழுக்க மஞ்சள்தூளைக் கொட்டி வைத்திருந்தார்களாம். வெள்ளைச் சட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீடியோவில் நீ சேர்த்திருந்த நாதஸ்வரத்தை ஒரு பையன் வாயாலேயே வாசித்தானாம். அவள் பெஞ்சுத் தோழி ஜுலைகாதான் தன் துப்பட்டாவைச் சுற்றிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "அவளைத் திட்டறது நக்கோ, வேணாம் ஆன்ட்டி, அவ தப்பு இல்ல" என்று அந்தப் பெண் எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறது.

வீடியோவின் அடியில் ஆட்கள் எழுதியிருப்பதைப் பார்த்தாயா? உன் வயசு ஆண்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறார்கள். இங்கே எழுதவே கை கூசுகிறது. அவ்வளவையும் அவள் படித்திருக்கிறாள், நீ கொடுத்த போனில்.

என்னிடம் அவள் கேட்டது இதுதான்: "அம்மா, எனக்கு வயசுக்கு வந்தது எனக்கும் உனக்கும் மட்டும்தானே தெரியணும்? மாமா ஏன் எல்லாருக்கும் சொன்னாரு?"

சாருவின் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறி இருக்கிறது. நீ மச்சான் என்றும் பார்க்க மாட்டார். இன்றே அழித்துவிடு அண்ணா. உன்னால்தான் இது.

ஜலஜா


குடியாத்தம்
17 ஜூலை 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நீ சொல்வதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்த கையோடு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதல்முறையாக அடியில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். அதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அழித்துவிட்டேன். அதோடு கடைப் பக்கத்தையே மூடிவிட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இரண்டு பேர் அதை எடுத்து வேறு பாட்டைப் போட்டுத் தங்கள் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுதினேன். ஒருவன் நீக்கிவிட்டான். இன்னொருவன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். வேலூரில் சைபர் கிரைம் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரி. "முதல்ல போட்டது யாருங்க?" என்று கேட்டார். நான்தான் மேடம் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

சாருவிடம் பேச வேண்டும். நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குழந்தை சாப்பிடுகிறாளா?

உன் அண்ணன்,
ஜகதீசன்


லாலாகுடா
20 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு வைரல் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அண்ணிக்கும் உனக்கும் உடம்பு எப்படி?

பள்ளிக்கூடத்தை மாற்றிவிட்டோம். நாச்சாரம் பக்கம் ஒன்று. ஆட்டோவில் முக்கால் மணி நேரம். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் அங்கே ஒரு பெண், "நீ அந்தப் பூஜடைப் பெண்தானே?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள். கிண்டலாகக்கூட இல்லையாம், சும்மாதான் கேட்டாளாம்.

அன்று நான் மோண்டா மார்க்கெட் போய்விட்டு வருவதற்குள் சாரு தலைமுடியை வெட்டிக்கொண்டுவிட்டாள். பார்லரில் இல்லை, அவள் அப்பா தகரம் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து. இடுப்புவரை இருந்தது கழுத்துக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். நான் அழுததைப் பார்த்து அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள். "இப்ப யாருக்கும் தெரியாது அம்மா. ஹவ், ஆமா, நல்லாத்தான் இருக்கு."

போனை வாங்கிப் பூட்டி வைத்தோம். அவள் அழவில்லை. ஒன்றுதான் சொன்னாள்: "நான் பாக்கலைன்னா அது இல்லாம போயிடுமா?" பள்ளிவிட்டு வந்ததும் அந்த இன்னொருவன் பக்கத்தைத் திறந்து, புதிதாக யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பதுதான் அவளுக்கு வேலையாக இருந்திருக்கிறது. ஒரு நோட்டில் அந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "ரோட்ல பாத்தா அடையாளம் தெரியணும்ல" என்றாள்.

அவளை மனநல டாக்டர் மைதிலியிடம் அழைத்துப் போகிறேன். வாரம் ஒருமுறை. அவரிடமாவது பேசுகிறாளா என்று தெரியவில்லை.

ஜலஜா


குடியாத்தம்
29 ஆகஸ்ட் 2024

ஜலஜா,

உன் கடிதத்தை இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறேன். நேரில் அவள் காலில் விழுந்து கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். கோபப்பட்டால் படட்டும். அண்ணி முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்


குடியாத்தம்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு,

அண்ணி கல்பகம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவு கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது? போன உங்கண்ணன் இரண்டு நாள் தங்குவார் என்று நினைத்தேன். மறுநாளே வந்து நின்றார். முறுக்கு டப்பா அப்படியே இருந்தது. கேட்டால், "அவங்க நல்லா இருக்காங்க" என்கிறார். கடையைப் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறார், ஐந்துக்கு மூடுகிறார். அவர் தம்பி முறை ராஜீவின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். போகவில்லை. நான் மட்டும் போனேன்.

நானும் அந்த வீடியோவைப் பத்துப் பேருக்குக் காட்டியவள்தான். தப்பில்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனுஷன் இப்படி உள்ளுக்குள் கரைகிறாரே. தெரிந்தால் ஒரு வரி எழுது.

கல்பகம்


லாலாகுடா
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காலை ஏழரைக்கு அண்ணா வந்தார். இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் வழிவிடவில்லை. "மாப்பிள்ளை, குழந்தையை ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார் அண்ணா. இவர், "நீங்க செஞ்ச சீர் போதும். இன்னும் என்ன படம் புடிக்கணும்?" என்று கேட்டார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வெங்கட்ரமணன் வீட்டில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

மாமா குரல் கேட்டதும் சாரு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள், வெளியே பேசுவது காதில் விழாமல் இருக்க. அவர் போகும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் நின்றார். பிறகு டப்பாவைக்கூட வைக்காமல் போய்விட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணி. சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் ஜலஜா


குடியாத்தம்
11 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

தீபாவளிக்கு எழுத நினைத்தேன், வரவில்லை. எல்லாரும் சுகமா?

அண்ணி உனக்கு எழுதியதும் நீ அவளுக்கு எழுதியதும் இப்போதுதான் தெரியும். மாப்பிள்ளை மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் மகளாக இருந்திருந்தால், போட்டவனை நான் அடித்தே இருப்பேன்.

நிறைய யோசித்துவிட்டேன். இனி நான் ஐதராபாத் வரவில்லை. சாருவுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் இல்லையா? முகம் தெரியாத எண்பதாயிரம் பேர் மேல் ஒரு குழந்தை எப்படிக் கோபப்படும்? அது என் மேல் இருக்கட்டும். என் பெயரைச் சொல்லித் திட்டட்டும். திட்டினால் மனசு ஆறும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நீயும் குறுக்கே போய் எனக்காகப் பேசாதே.

போன வாரம் ஓர் ஆள் நாலாம் வகுப்பு படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். பிறந்தநாளாம். எந்தப் போன் நல்லாயிருக்கும் என்று கேட்டான். இந்த வயசுக்கு வேண்டாங்க, இன்னும் நாலு வருஷம் போகட்டும் என்றேன். அந்தக் குழந்தை என் முகத்தையே பார்த்தது. அவன், "வேணான்னா எதுத்த கடையில வாங்கிக்கறேன்" என்றான். விற்றேன் ஜலஜா. கவர் போட்டு, அந்தக் குழந்தைக்குப் பிடித்த கலரில் கொடுத்து அனுப்பினேன். நான் இவ்வளவுதான்.

அந்த இரண்டாவது ஆளின் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். போலீஸ் அம்மா போனில் சொன்னார். இன்னும் எங்கெங்கே இருக்கிறதோ.

அண்ணன்,
ஜகதீசன்


லாலாகுடா
2 டிசம்பர் 2024

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

வீடியோ எப்படி அவர்கள் கைக்குப் போனதோ தெரியாது என்று ஜூன் மாதம் எழுதினேனே, அது பொய். நான்தான் அனுப்பினேன்.

சாரு வகுப்பு அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. நாற்பத்தாறு பேர். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், டாக்டர்கள், வக்கீல்கள். எல்லாம் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் ஓடும். நான் அதில் ஒரு வார்த்தை எழுதினதில்லை. ஒர்க்‌ஷாப் பிட்டர் பெண்டாட்டி என்ன எழுதுவது? உன் வீடியோவில் என் பெண் மகாலட்சுமி மாதிரி இருந்தாள். மேடையும் பூவும் இருபத்தோரு தட்டும். எங்கள் வீட்டிலும் இப்படி நடக்கும் என்று அவர்கள் பார்க்கட்டுமே என்று தோன்றியது. ஜூன் இரண்டாம் தேதி குழுவில் போட்டேன். சாயங்காலத்துக்குள் முப்பது பேர் பூவும் இதயமும் அனுப்பினார்கள். "சோ பியூட்டிஃபுல் ஜலஜா காரு" என்று ஒருத்தர். அவர் என் பெயரை எழுதினது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அதையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாக்கள் போனிலிருந்து பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

விழா அன்றைக்கே கேமராவைப் பார்த்ததும் சாரு என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "வத்து அம்மா, வத்து" என்றாள். வேண்டாம் என்று தெலுங்கில் சொன்னால் உங்களுக்கெல்லாம் புரியாது என்று நினைத்திருப்பாள். எனக்குப் புரிந்தது. "மாமா மனசு நோகும், சிரி" என்று இடுப்பில் கிள்ளினேன். வீடியோவில் அவள் சிரிப்பது அதனால்தான்.

பெஞ்சில் மஞ்சளைக் கொட்டிய அன்று என் போனில் இருந்ததை மட்டும் அழித்தேன். மற்ற நாற்பத்தைந்து போனில் அது அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவர் உன்னைத் திட்டத் திட்ட எனக்குப் பயம் கூடியது. நீ எல்லாவற்றையும் உன் மேல் போட்டுக்கொண்டாய், நான் அதைப் போட விட்டுவிட்டேன். "என் மேல் இருக்கட்டும்" என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இவர் ஓவர்டைம் போயிருந்தார். சாரு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். மாமா இல்லை கண்ணு, அம்மாதான் உன் ஸ்கூல் குரூப்பில் போட்டேன் என்றேன்.

அவள் தலை நிமிரவே இல்லை. உரித்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியும். ஜுலைகா அம்மா போன்ல ஃபர்ஸ்ட் டேயே பாத்தேன். மேல உன் பேரு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?"

"அப்பா உன்னையும் வெளிய நிக்க வெச்சிருப்பாரு."

அடுத்த காயை எடுத்துக்கொண்டு, "நீயே சொல்லுவேன்னு இருந்தேன். மாமா வந்தப்பகூட இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு பாத்ரூம்ல நின்னேன். நீ சொல்லலைன்னு எனக்குத் தெரிஞ்சுடும்னுதான் குழாயைத் திறந்துட்டேன்" என்றாள்.

ஆறு மாதம் அண்ணா. என் பன்னிரண்டு வயசுக் குழந்தை என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். உரித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். தொட விடவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?

ஜலஜா


குடியாத்தம்
19 ஜனவரி 2025

ஜலஜாவுக்கு,

பொங்கல் ஆயிற்று. அண்ணிக்கு உடம்பு பரவாயில்லை. உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. கோபம் இல்லை என்று எழுதத்தான் தினமும் உட்கார்ந்தேன். பொய்யாக இருந்தது, அதனால் எழுதவில்லை.

அன்று உன் வாசலில் நின்ற நேரம் முழுக்க நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். இப்படி ஓர் அண்ணன் வாய்த்தானே என்று என் தங்கை வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ரயிலில் வருகிற வழியெல்லாம் அதுதான். மாப்பிள்ளை சொன்னது ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை.

நீ செய்ததால் நான் செய்தது குறைந்துவிடாது. ஊர் பார்க்க வேண்டும் என்று நான் போட்டேன். நாற்பத்தாறு பேர் பார்க்க வேண்டும் என்று நீ போட்டாய். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்ன பிள்ளையை நாம் யாருமே பார்க்கவில்லை.

மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காக அந்தக் குழந்தை இனி ஒருநாள்கூட வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

சாருவிடம் என் பேச்சை எடுக்காதே. அவளாகக் கேட்டால், மாமா உயிரோடு இருக்கிறார், நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார் என்று மட்டும் சொல்.

நீ எனக்குக் கடிதம் போடு. உடனே பதில் வராது. வராவிட்டாலும் போடாமல் இருந்துவிடாதே.

ஜகதீசன்